வெருட்டுவன் என்ற சொல்லுக்கு நான் சொன்ன ஆங்கிலம்

ராசா,

நீ வினிபெக் போய் இறங்கி மூன்று கிழமையாகிறது. மூக்கு நுனி உறைந்துபோகும் குளிர் என்று அம்மாவுக்கு எழுதியிருந்தாய். எனக்கு ஒரு வரி இல்லை. அதற்காக நான் குறைப்படவில்லை. உன்னை வழியனுப்ப வீட்டில் சாப்பாடு வைத்த அன்று நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. "கனடாவுக்கு எல்லாரும் டொக்டர் வேலைக்கும் கொம்பியூட்டர் வேலைக்கும் போறாங்கள். நீ அந்தக் குடிகாரச் சனத்தின்ரை பிள்ளையளைப் பாக்கப் போறியோ?" என்று எல்லோருக்கும் முன்னால் உன் சித்தப்பா கேட்டான். மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழும்பினாய். வாசலில் சப்பாத்து மாட்டும்போது ஆங்கிலத்தில், "அவர் கேட்டது பரவாயில்லை அப்பா. நீங்கள் ஏன் சிரித்தீர்கள்?" என்று கேட்டாய். இது அதற்கான பதில். நீளமாக இருக்கும். பொறுமையாக இருந்து வாசி.

அதற்கு முந்திய கிழமை குசினியில் வைத்து எனக்கு எல்லாவற்றையும் விளக்கியிருந்தாய். அந்த நாட்டின் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பறித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்ததை, சொந்த மொழி பேசினால் அடித்ததை, பிறகு அலுவலர்கள் வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுபோய் முன்பின் தெரியாத வெள்ளைக்கார வீடுகளில் விட்டதை எல்லாம் சொன்னாய். இப்போது அந்த மக்களே தங்கள் பிள்ளைகளைப் பார்க்கும் சேவையைத் தங்கள் கையில் எடுத்து வருகிறார்கள், அவர்களுக்குக் கீழேதான் வேலை செய்யப் போகிறேன் என்றாய். ஒரு பிள்ளை பெற்றோருடன் இருக்க முடியாமல் போனால் அதன் பெரியம்மாவை, மாமாவை, ஊராரை முதலில் தேடிப் பிடிப்பதுதான் உன் வேலை என்றாய். நான் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு, "அது அங்கை நடந்தது. இஞ்சை உள்ள இங்கிலீஸ்காரர் நல்ல ஆக்கள்" என்றேன். அந்த மக்களுக்கு நடந்த கொடுமையோடு எங்கள் கதையைச் சமமாக வைக்க நான் வரவில்லை. ஆனால் இங்கே எதுவும் நடக்கவில்லை என்றது பொய். நல்ல ஆட்கள்தான் செய்தார்கள். சோபா போட்ட அறையில், பிஸ்கட் தட்டு வைத்து, சிரித்த முகத்தோடு செய்தார்கள். அந்த அறையில் எனக்கும் ஒரு கதிரை இருந்தது.

இதை ஏன் பகிரங்கமாக எழுதுகிறேன் என்று நீ யோசிப்பாய். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். 'புலம்பெயர் மண்ணில் தமிழை வளர்த்த கதை' என்று தலைப்பும் தந்திருக்கிறார்கள். இத்தனை வருடம் செயலாளராக இருந்தவர் எழுதினால்தான் பொருத்தமாம். நான் கொடுக்கப்போவது இதைத்தான். போடுகிறார்களோ, கிழித்து எறிகிறார்களோ, அது அவர்கள் பாடு. இதில் வரும் தாயையும் மகளையும் சுகந்தி, மதுரா என்று வைத்துக்கொள். உண்மைப் பெயர்கள் அவையல்ல. எழுதச் சொல்லி என்னைக் கேட்டதே அந்த மகள்தான்.

பெற்றோல் ஷெட் வேலையை விட்டபிறகு நான் மொழிபெயர்ப்பாளராகப் போனது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி, கவுன்சில், கோர்ட் என்று கோட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தேன். எங்களுக்கு மொழிபெயர்ப்பு நிறுவனம் சொல்லித்தந்த விதி ஒன்றுதான்: சொன்னதைச் சொல், கூட்டாதே, குறைக்காதே, விளக்கம் கொடுக்காதே. அந்த விதிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எவ்வளவு சுகமான காரியம் என்று அப்போது எனக்குத் தெரியாது. சுகந்தி வன்னியிலிருந்து வந்தவள். இருபத்தேழு வயது. புருசன் கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். நாலரை வயது மகளோடு இல்ஃபோர்ட் பக்கத்தில் பலர் வாடகைக்கு இருந்த ஒரு வீட்டில் ஓர் அறையில் இருந்தாள். நித்திரை வராமல், சாப்பிட மனம் வராமல் கிடந்தவளுக்கு டொக்டர் குளிசை கொடுத்திருந்தார். ஒரு மத்தியானம் குளிசை போட்டுவிட்டு அவள் அயர்ந்துபோக, மதுரா கதவைத் திறந்து வெளியே போய்விட்டாள். பெரிய ரோட்டில் பஸ் தரிப்பிடத்தில் தனியாக நின்ற பிள்ளையை ஒரு பஸ் சாரதி கண்டு பொலிசுக்குச் சொன்னார். பிழை பிழைதான். கார் அடித்திருக்கலாம். யாராவது வந்து கேள்வி கேட்கத்தான் வேண்டும். கேட்டது தவறு என்று நான் ஒரு நாளும் சொல்லமாட்டேன்.

பிள்ளைகள் விசயத்துக்குப் பொறுப்பான கவுன்சிலிலிருந்து கேட்க வந்த சமூக சேவை அலுவலர் சின்னப் பெண். இன்றைக்கு உனக்கிருக்கும் வயதுகூட இருக்காது. கெட்டவள் இல்லை. மடிக்கணினியில் கேள்விகள் வரிசையாக இருந்தன. கேட்பாள், நான் சொல்வேன், சுகந்தி பதில் சொல்வாள், நான் திருப்பிச் சொல்வேன், அவள் தட்டுவாள். பிள்ளை சொல்வழி கேட்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி வந்தது. அன்று முழுக்க அழுத முகமாய் இருந்த சுகந்தி அப்போதுதான் கொஞ்சம் சிரித்தாள். "சாப்பிடாட்டி, இஞ்சை பார் கொண்டுபோடுவன் எண்டு வெருட்டுவன். அவள் சிரிச்சுக்கொண்டு கட்டிலுக்குக் கீழை ஓடுவாள். பிறகு தானா வந்து வாயைத் துறப்பாள்" என்றாள். வெருட்டுவதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லா இருக்கிறது? பிள்ளைகளோடு விளையாடும்போது சொல்லும் சொல் இருக்கிறது. பொலிஸ்காரன் குற்றப்பத்திரிகையில் எழுதும் சொல்லும் இருக்கிறது. என் வாயில் முதலில் வந்தது பொலிஸ்காரனுடையது. 'த்ரெட்டன்' என்றேன். பிள்ளையைக் கொன்றுவிடுவதாக அச்சுறுத்துவாராம் என்று அந்தப் பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் விரல்கள் ஓடின. பிள்ளை சிரிப்பதையும் கட்டிலுக்குக் கீழே ஓடுவதையும் சொல்ல நான் வாயெடுத்தேன். கொஞ்சம் பொறுங்கள் என்று கையை உயர்த்தினாள். தட்டி முடித்ததும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். மிச்சத்தை நான் சொல்லவேயில்லை. சொல்ல வேண்டும் என்று அப்போதே தெரியும். நாலு மணிக்கு எனக்கு வேறோர் ஆஸ்பத்திரியில் வேலை இருந்தது.

உன் அம்மா உன்னை எத்தனை தரம் கொன்றிருக்கிறாள் என்று எண்ணிப் பார். சப்பாத்தோடு கார்ப்பெட்டில் ஏறினால் கொண்டுபோடுவாள், மருந்து குடிக்காவிட்டால் கொண்டுபோடுவாள். உன் அம்மாவின் அந்தப் பேச்சை ஒருவரும் பதிவு செய்யவில்லை. செவன் கிங்ஸில் எங்களுக்குச் சொந்த வீடு இருந்தது, புருசன் என்று நான் பக்கத்தில் இருந்தேன், எங்கள் வீட்டுக்குள் நடப்பதை ஆங்கிலத்தில் சொல்ல மூன்றாம் ஆள் தேவைப்படவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

பிள்ளையைத் தாயிடமிருந்து எடுத்துக்கொண்டுபோனது அந்த ஒரு வரியால் மட்டும் இல்லை. ஆனால் அந்த வரி ஒவ்வோர் அறிக்கையாக ஏறி ஏறிப் போனது. ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதினார். கோர்ட்டுக்குப் போகும்போது அது கறுப்பெழுத்தில் தடித்து நின்றது. டூட்டிங்கில் சுகந்திக்கு ஒரு மச்சாள் இருந்தாள். ஒன்றுவிட்ட மச்சாள், இரண்டு பிள்ளைகளின் தாய். "ரெண்டோட மூண்டா வளரட்டும், நான் வைச்சுப் பாக்கிறன்" என்று அவள் கவுன்சில் கூட்டத்துக்கு வந்து கெஞ்சியதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். போய் வீட்டைப் பார்த்தார்கள். மூன்று பிள்ளைக்குப் படுக்கையறை காணாது என்றார்கள். சோற்றைக் குழைத்து ஊட்டவும், தலை பின்னிவிடவும், கனவு கண்டு எழும்பினால் அதன் பாஷையில் என்ன என்று கேட்கவும் ஒருத்தி இருந்தாள். அதை எழுத அந்தப் படிவத்தில் இடம் இருக்கவில்லை. மதுராவைக் கெண்டில் கடற்கரை ஊர் ஒன்றில் ஓர் ஆங்கிலத் தம்பதியிடம் கொடுத்தார்கள். அந்த மனிசியை லின் என்று வைத்துக்கொள். அவள் மேல் எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை. இந்தக் கதையில் எங்கள் எல்லோரிலும் குற்றம் குறைந்த ஆள் அவள்தான்.

தாயும் பிள்ளையும் சந்திப்பதற்கு ஒரு நிலையம் இருந்தது. அங்கே கிழமையில் இரண்டு நாள், ஒன்றரை மணித்தியாலம். மூலையில் ஒருத்தி இருந்து நடப்பதையெல்லாம் எழுதுவாள். தொடக்கத்தில் மதுரா வாசலிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வருவாள். "அம்மா, அங்கை ஒரு நாய் நிக்குது. அது என்ரை செருப்பைக் கடிச்சுப்போட்டுது!" எனக்கு மூச்சு விட நேரமிருக்காது. அவள் அவ்வளவு கதைப்பாள். ஆனால் என்னை எல்லா நாளும் கூப்பிடமாட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் வராத நாட்களில் ஆங்கிலத்தில் மட்டும்தான் பேசலாம் என்பது விதி. மூலையில் இருப்பவளுக்கு விளங்க வேண்டுமாம். சுகந்திக்குத் தெரிந்த ஆங்கிலம் ஹலோ, குட், ஈட். ஒன்றரை மணித்தியாலம் பெற்ற பிள்ளையைப் பார்த்து அந்த மூன்று சொல்லையும் வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? அறிக்கையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? தாய் பிள்ளையோடு அதிகம் பேசவில்லை, உணர்ச்சி காட்டவில்லை. ஒரு நாள் சீப்பால் பிள்ளைக்குத் தலை இழுக்கும்போது குனிந்து காதில் என்னவோ சொல்லியிருக்கிறாள். நினைவூட்டிய பிறகும் தன் மொழியில் இரகசியம் பேசினார் என்று எழுதினார்கள். பிறகு என்னிடம் சொல்லி அழுதாள்: "தலை கடிக்குதோ, பேன் இருக்கோ எண்டு கேட்டனான் அண்ணை. அவ்வளவுதான் கேட்டனான்."

கிழமையில் இரண்டு நாள் மாதத்தில் ஒன்றானது. மாதத்தில் ஒன்று வருடத்தில் நாலானது. ஒவ்வொரு தடவையும் மதுராவிடம் தமிழ் கொஞ்சம் குறைந்திருந்தது. முதலில் விடை மட்டும் ஆங்கிலத்தில் வந்தது. பிறகு கேள்வியும் விளங்கவில்லை. ஒரு நாள் அவள் வந்து அழுத முகத்தோடு இருந்தாள். வளர்த்த முயல் செத்துப்போய்விட்டது என்று என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னாள். நான் அதைத் தாய்க்குத் தமிழில் சொன்னேன். "அழாதை என்ரை குஞ்சு" என்றாள் சுகந்தி. சொன்னதைச் சொல் என்பதுதானே விதி. கோழிக்குஞ்சுக்குச் சொல்லும் ஆங்கிலச் சொல்லைப் போட்டுச் சொன்னேன். பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் என்ன கோழியா என்று கேட்டாள். "ஏன் அண்ணை சிரிக்கிறாள்?" என்று சுகந்தி ஆவலாகக் கேட்டாள். "உம்மைக் கண்ட சந்தோசத்திலை" என்றேன். தாய்க்கும் மகளுக்கும் நடுவில் இருந்துகொண்டு இரண்டு பக்கமும் பொய்யைக் கொடுத்தேன்.

இப்போது எழுதப்போவதை உன் அம்மாவும் இந்த வருடம்தான் அறிந்தாள். மதுராவுக்கு ஆறு வயதாயிருக்கும்போது ஒரு சனிக்கிழமை எங்கள் தமிழ்ப் பள்ளியின் தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன். கெண்டிலிருந்து ஒரு ஆங்கிலப் பெண் பேசினாள். என்னிடம் ஒரு தமிழ்ப் பிள்ளை வளர்கிறது, அது தன் மொழியை மறந்துகொண்டு போவதைப் பார்க்க முடியவில்லை, கவுன்சிலுக்கு எழுதினால் பரிசீலிக்கிறோம் என்று மட்டும் பதில் வருகிறது, ஒவ்வொரு சனிக்கிழமையும் நானே காரில் கூட்டிக்கொண்டு வருவேன், சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டாள். பெயர் சொல்லும் முன்பே எனக்கு யார் என்று தெரிந்துவிட்டது. பிள்ளை என்னை அடையாளம் காணும். யார் எவரென்று மற்றப் பெற்றோர் விசாரிப்பார்கள். என் வேலைக்குச் சிக்கல் வரும். இவ்வளவும் ஒரு நொடியில் ஓடியது. "இந்த வருடத்துக்குப் பதிவு முடிந்துவிட்டது, செப்டெம்பரில் எடுங்கள்" என்றேன். பதிவு முடியவில்லை. எங்கள் பள்ளியில் பதிவு எந்தக் காலத்திலும் முடிந்ததில்லை, பிள்ளை கிடைத்தால் காணும் என்று இருந்தோம். அவள் நன்றி சொல்லி வைத்தாள். செப்டெம்பரில் எடுக்கவில்லை. அன்று பின்னேரம் பரிசளிப்பு விழாவில் மேடையேறி, மொழியை இழந்த இனம் என்று தொடங்கி அரை மணித்தியாலம் முழங்கினேன். நீ முன்வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டு இருந்தாய். அதற்காக வீட்டுக்கு வந்து உன்னை ஏசினேன்.

நாலு வருடம் போனது. சுகந்தி எழும்பிவிட்டாள். குளிசை இல்லை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் நிரந்தர வேலை, இரண்டு அறை வீடு. இனி என்ரை பிள்ளையைத் தாங்கோ என்று கோர்ட்டுக்குப் போனாள். நீதிபதி மரியாதையான மனிதர். சுகந்தியின் முயற்சியை மனதாரப் பாராட்டினார். பிறகு தீர்ப்பை வாசித்தார். பிள்ளை இருக்கும் இடத்தில் வேரூன்றிவிட்டது. மேலும், தாய்க்கும் மகளுக்கும் பொதுவான மொழி ஒன்று இல்லை, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் இருவரும் உரையாட முடியாத நிலை இருக்கிறது. நான் சொன்னேன். அவள், "விளங்கேல்லை அண்ணை, திருப்பிச் சொல்லுங்கோ" என்றாள். திருப்பிச் சொன்னேன். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். "அந்தப் பாஷையை அவளிட்டை இருந்து ஆர் எடுத்தது எண்டு ஐயாவிட்டைக் கேளுங்கோ" என்றாள். அவளுடைய வக்கீல் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. ராசா, கூட்டாதே குறைக்காதே என்ற அந்த விதியை அன்று நானே முறித்தேன். அவள் வாழ்க்கையிலேயே கேட்கவேண்டிய ஒரே கேள்வியை நான் விழுங்கினேன். மொழியைப் பிடுங்கிவிட்டு, மொழி இல்லை என்று காரணம் சொல்லிப் பிள்ளையைத் தர மறுத்தார்கள். இதற்கு மேல் ஓர் அநியாயத்தை யோசித்துக் கண்டுபிடிக்க உன்னால் ஏலுமா? ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. எல்லோரும் சுகந்திக்குக் கை கொடுத்தார்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள்.

போன வசந்தத்தில் சுகந்தி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். மதுராவுக்குப் பதினெட்டு வயதாகிவிட்டது, தன்னைப் பற்றி எழுதிய பைலைக் கவுன்சிலிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள், தாயோடு இருந்து பேச வேண்டுமாம், அண்ணைதான் வரவேண்டும் என்றாள். போனேன். உயரமான பெண். கடற்கரை ஊர்க்காரர்களின் ஆங்கிலம். மேசையில் ஒரு பெட்டி நிறையக் கடதாசி. பல பக்கங்களில் பாதி வரிகள் கறுப்பு மையால் அழிக்கப்பட்டிருந்தன. சுகந்தி ரொட்டியும் கறியும் வைத்துவிட்டு மகளைப் பார்த்தபடி இருந்தாள். மதுரா ஒரு பக்கத்தை என் பக்கம் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்தாள். பிள்ளையைக் கொன்றுவிடுவதாகத் தாய் அச்சுறுத்துவதை ஒப்புக்கொண்டார், மொழிபெயர்ப்பாளர் மூலம்.

"பன்னிரண்டு வயதில் ஒருவர் எனக்கு இதைச் சொன்னார்," என்றாள் ஆங்கிலத்தில். "அதற்குப் பிறகு இரண்டு வருடம் அம்மாவைப் பார்க்க வரமாட்டேன் என்று நின்றேன். இதை அவர் சொன்னாரா?"

நான் சொன்னது நினைவில்லை என்று சொல்லியிருக்கலாம். பதின்மூன்று வருடமாகிவிட்டது, யார் கேட்கப்போகிறார்கள்? "அந்தச் சொல் அவருடையது இல்லை. என்னுடையது" என்றேன். கட்டிலுக்குக் கீழே ஓடியதை, சிரித்ததை, வாயைத் திறந்ததை எல்லாம் சொன்னேன். அந்தப் பிள்ளை அசையாமல் கேட்டது. "என்னவாம் அண்ணை? என்ன சொல்றாள்?" என்று சுகந்தி கேட்டாள். என் குற்றத்தை நானே அவளுக்குத் தமிழில் மொழிபெயர்த்தேன். என் தொழிலில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே மொழிபெயர்ப்பு அதுதான். "வேறு ஏதாவது இருக்கிறதா?" என்று மதுரா கேட்டாள். தொலைபேசியையும் சொன்னேன். அவள் அந்தப் பக்கத்தைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தாள். பிறகு, "லின் எனக்கு ஒரு புத்தகப்பை வாங்கி வைத்திருந்தார், தமிழ் வகுப்புக்கு என்று. நீலப் பை. பிறகு அதை நீச்சலுக்குக் கொண்டுபோனேன்" என்றாள்.

சுகந்தி எழும்பினாள். என் முன்னாலிருந்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டுபோய் குசினியில் வைத்தாள். திரும்பி வந்து, அத்தனை வருடத்தில் முதல் தடவையாக, 'அண்ணை', 'நீங்கள்' என்றதை விட்டு, என்னை 'நீர்' என்றாள். "நீர் இனி எங்களுக்கு நடுவிலை இருக்க வேண்டாம். எழும்பும்." எழும்பினேன். மன்னிப்புக் கேட்டேனா என்று நினைக்கிறாய். கேட்டேன். அவள் ஏற்கவில்லை. ஏற்கவேண்டிய கடமை அவளுக்கு இல்லை. அதை நினைத்து எனக்காகக் கவலைப்படாதே.

மதுரா பிறகு எனக்குக் கடிதம் போட்டாள். நடந்ததை எழுதிக் கையெழுத்து வைத்துத் தரச் சொன்னாள். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவள் அதைக் கவுன்சிலுக்கு அனுப்பி, பைலைத் திருத்தச் சொன்னாள். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. அவள் அப்படி உணர்வதற்காக வருந்துகிறார்களாம். பாடம் கற்றுக்கொண்டார்களாம். மொழிபெயர்ப்பு வெளி நிறுவனத்தின் பொறுப்பாம். பழைய வரியை அழிக்க முடியாது, என் கடிதத்தைப் பின்னால் இணைக்கலாமாம். மதுரா அதை எனக்கு அனுப்பி, இனி எல்லோருக்கும் தெரிய எழுதுங்கள் என்று கேட்டாள். வாசித்துவிட்டு எனக்கு வந்த கோபத்தில் குசினிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். யாருக்கு என்ன பாடம்? பெயர் உள்ள ஒருவர்கூடவா அந்தக் கட்டடத்தில் இல்லை? ஆனால் அவர்களை மட்டும் ஏசிவிட்டு இருக்க எனக்கு வாயில்லை. தமிழ்ப் பிள்ளைகளை வளர்க்கத் தமிழ் வீடு கேட்டு கவுன்சில்காரர் எங்கள் கோயிலுக்கும் வந்தார்கள், பள்ளிக்கும் வந்தார்கள். எங்கள் ஆட்கள் என்ன சொன்னார்கள்? "ஆரோ பெத்த பிள்ளை, என்ன வியாதியோ, என்ன சாதியோ." மேளம் அடித்துத் தேர் இழுக்க ஆயிரம் கை வரும். ஒரு பிள்ளைக்குச் சோறு குழைக்க ஒரு கை வரவில்லை. மலரில் இந்த இடத்தைத்தான் வெட்டச் சொல்வார்கள் என்று தெரியும். வெட்டினால் முழுவதையும் திருப்பித் தரச் சொல்வேன்.

அதனால்தான் அன்று மேசையில் சிரித்தேன், ராசா. நீ செய்யப்போவதைப் பார்க்க எனக்குக் கூசியது. சிரித்தால் அது சின்னதாகிவிடும் என்று நினைத்தேன். அந்த மக்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. உனக்கும் இன்னும் தெரியாது. நாலு வருடம் இங்கே கவுன்சிலில் வேலை செய்தவன் என்று அங்கே போய்ப் படிப்பிக்க நிற்காதே. அவர்கள் சொல்வதை முழுக்க கேள். கடைசிச் சொல்வரை கேள். எழுதுவதற்காக ஒருவரை நடுவில் நிறுத்தாதே. அவர்கள் சொல்லும் சொல் உனக்கு விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று எழுது. நீ எழுதும் ஒவ்வொரு வரியையும் அந்தப் பிள்ளை பதினெட்டு வயதில் விரலை வைத்து வாசிக்கும். பெரியம்மா ஒருத்தி வந்து நான் வைத்துப் பார்க்கிறேன் என்றால், அறை காணாது என்று திருப்பி அனுப்பாமல், அறைக்கு வழி தேடு. உன் மேலதிகாரி விதியைக் காட்டினால், அந்த விதியை யார் எழுதியது என்று கேள். உன்னை நல்லவன் என்று எல்லோரும் சொல்லத் தொடங்கினால் அன்றைக்குப் பயப்படு.

சுகந்தியும் மதுராவும் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சந்திக்கிறார்கள் என்று டூட்டிங் மச்சாள் சொல்லி அறிந்தேன். நடுவில் ஒருவரும் இல்லையாம். எப்படிக் கதைக்கிறார்களோ தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு இல்லை. மொழிபெயர்ப்பு நிறுவனத்துக்கு எழுதி என் பெயரை எடுத்துவிட்டேன். உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, தமிழ்ப் பிள்ளைகளை வைத்து வளர்க்க விண்ணப்பம் போட்டுவிட்டேன் என்றாள். என்னை ஒரு சொல் கேட்கவில்லை. வருகிற வியாழக்கிழமை எங்களை விசாரிக்க ஒரு பெண் வருகிறாள். உன் அறையைத்தான் காட்டப்போகிறோம், உன் பெட்டிகளை லொஃப்ட்டில் ஏற்றிவிட்டேன். அந்தப் பெண் வந்து இருந்ததும், தேத்தண்ணி கொடுக்கும் முன், இந்தக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதி அவள் கையில் கொடுப்பேன். "ரெண்டாந்தரம் வரேக்கை குடுங்கோவன். முதல் நாளே ஏன்?" என்று அம்மா கேட்கிறாள். இல்லை, முதல் நாளே. வாசித்துவிட்டு, இந்த வீட்டில் ஒரு பிள்ளையை விடமுடியாது என்று அவள் எழும்பிப் போனால், அம்மா அழுவாள். நான் வாசல்வரை போய்க் கதவைத் திறந்து விடுவேன். ஒருத்தியாவது இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறாள் என்று அன்றைக்கு நினைப்பேன்.

அப்பா